புது விமானம் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது

விமான டிக்கட் விற்பவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு: விமானத்தைச் செய்வதும் நாமில்லை, ஓட்டுவதும் நாமில்லை, ஆனால் அது வராவிட்டால் ஏச்சு மட்டும் நமக்கு. மருந்துக் கடையோ, தபாற்கந்தோரோ, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்தவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும்.

யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் ஏஜென்சி இருந்தது. முதலாளி ஒரு ஹாஜியார். அவரையும் என்னையும் தவிர வேறு ஆள் கிடையாது. வருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டத் தோட்டத்துச் சனங்கள். குவைத்துக்கும் கட்டாருக்கும் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களை வழியனுப்ப வரும் வீட்டார். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தேன். இன்று நினைத்தால், போய் வந்த விமானங்களை விட, வராமலே இருந்த ஒரு விமானம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

சுவரில் வந்து இறங்கியது

நாங்கள் அதிகம் டிக்கட் போட்ட விமானக் கம்பெனி, புது ரக விமானங்களுக்கு ஓடர் கொடுத்திருந்தது. "விரைவில்" என்று எழுதிய பெரிய படம் ஒன்றை எங்களுக்கும் அனுப்பினார்கள். ஹாஜியார் தானே ஸ்டூலில் ஏறி அதைச் சுவரில் ஒட்டினார். வருகிறவர்களிடம் எல்லாம் நானும் பெருமையாகக் காட்டினேன்.

ஒரு வருடம் போனது. தொழிற்சாலையில் வேலை முடியவில்லை என்றார்கள். பிறகு, ஏதோ பாகம் வந்து சேரவில்லை என்றார்கள். மாடி ஜன்னல் வெயிலில் படத்தின் நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. மகனுக்கு டிக்கட் போட வந்த பெரியசாமி, பக்கத்துத் தோட்டத்தில் கொந்தரப்பில், அதாவது ஒப்பந்தத்தில், ஆள் வைத்து வேலை வாங்கும் கங்காணியாக இருந்தவர், படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னார்: "எங்க தோட்டத்துல புது வீட்டுக்கு அடிக்கல் நட்டாங்க மிஸ். அங்க கல்லு இருக்கு, இங்க படம் இருக்கு."

முகூர்த்தம்

புதியது வராததால் பழைய விமானங்களைப் போட்டு ஓட்டினார்கள். அவை ஒவ்வொன்றாகத் திருத்த வேலைக்குப் போயின. நாள் தள்ளிப்போகும் செய்தி கணினியில் வரும்; நான் பயணியின் வீட்டுக்குப் போன் பண்ணுவேன். அந்த வேலையைத்தான் நான் வெறுத்தேன்.

தோட்டத்தில் இருந்து வரும் ராசம்மாவின் மகள் குவைத்தில் இருந்து தம்பியின் கல்யாணத்துக்கு வரவேண்டும். நான்கு வருடமாக ஊர் பார்க்காதவள். கல்யாணச் செலவு முழுவதும் அவளுடைய உழைப்பு. முதல் முறை இரண்டு நாள் தள்ளியது. அடுத்த முறை நான்கு நாள். மூன்றாவது முறை தள்ளியபோது தாலி கட்டும் நாளே தாண்டிவிட்டது. ராசம்மா போனை நம்பவில்லை. பஸ் ஏறி நேரில் வந்தார். வேறு கம்பெனிகளில் தேடினேன், இடம் இல்லை. ஏசப் போகிறார் என்று குனிந்துகொண்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மகள் இல்லாமல் கல்யாணம் இல்லை என்று வீட்டில் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "குருக்கள் நாள் குறிச்சாரு, ஏரோப்பிளேன்காரன் அழிச்சிட்டான்" என்றார். "இனி அவனே ஒரு நாளச் சொல்லட்டும், அதுல நல்ல நேரத்த மட்டும் குருக்கள்கிட்ட கேட்டுக்கிறோம்."

தையல்

பிறகு அந்தச் செய்தி வந்தது. வேறு நாட்டில் பறந்துகொண்டிருந்த அதே ரக விமானம் ஒன்றில், பறக்கும்போதே ஒரு பக்கத் தகடு கழன்றுவிட்டதாம். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தொழிற்சாலையில் அவசர அவசரமாகச் செய்கிறார்கள், சோதனையில் தவறவிடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. எல்லோருடைய போனிலும் அந்த வீடியோ.

அன்று கொழும்பிலிருந்து வந்திருந்த விமானக் கம்பெனியின் விற்பனை அதிகாரி, சனங்கள் கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். பயப்பட ஒன்றுமில்லை, ஆயிரம் தடவை சோதிப்பார்கள் என்றார். டிக்கட்டுக்காகக் காத்திருந்த குசும் அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ருவன்வெல்லைப் பக்கத்துச் சிங்களப் பெண். நல்ல தமிழ் பேசுவார், தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் 'நங்கி' என்பார். காமன்ட் பெக்டரியில் தைத்த உடுப்பைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். அதிகாரி போகும்வரை பொறுத்திருந்து என்னிடம் சொன்னார்: "நங்கி, நாளைக்கு இத்தன சட்டைன்னு டாகெட் கூட்டினா தையல் விடும், அத நான் எத்தனை கண்டிருக்கேன். ஆனா சட்டைய திருப்பி அனுப்பலாம்."

நீங்க ஏறுவீங்களா?

மயில்வாகனம் ரப்பர் பால் வெட்டுபவர். காலை வேலை முடிந்து, கையில் பால் வாடையோடு வந்தார். மகள் ஜெயா அடுத்த மாதம் கட்டாருக்குப் போக டிக்கட் போட்டிருந்தோம். அந்த மாதம் முதல் புது விமானம் ஓடும் என்று அட்டவணையில் இருந்தது. அது அந்த விமானம்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பயமில்லை என்று சொல்லிக்கொடுத்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க ஏறுவீங்களா மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

தெரியவில்லை அண்ணே என்றேன். அதுதான் உண்மை. ஹாஜியார் தன் மேசையில் இருந்து எழுந்து வந்து, பிள்ளையை வேறு விமானத்தில் போடச் சொன்னார். மாற்றினோம். பழைய விமானம்தான், ஆனால் நடுவில் வேறொரு ஊரில் இறங்கி ஒன்பது மணித்தியாலம் காத்திருக்க வேண்டும்.

சோதனைக்காகப் புது விமானம் இன்னும் தள்ளிப்போனது. ஜெயா முதலில் போகவிருந்த நாளில், அந்தப் பாதையில் ஓடியது பழைய விமானமே. பிள்ளையை வீணாகக் காக்க வைத்துவிட்டேனே என்று கூசிப்போய் மயில்வாகனத்திடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒக்காந்திருந்தா இடுப்புத்தான் வலிக்கும் மிஸ். அது ரெண்டு நாள்ல சரியாயிரும்."

வந்தேவிட்டது

ஒருநாள் உண்மையாகவே வந்தது. எங்கள் ஆட்களில் முதலில் அதில் போனவள் புஷ்பம். மூன்று வயதுப் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு முதல்முறையாக வெளிநாடு போகிறவள். எந்த விமானம் என்பதை மறைக்காமல் சொன்னேன். போகாமல் இருக்க முடியாது அக்கா என்றாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. போனில் அந்த விமானத்தின் சின்னப் புள்ளி கடலுக்கு மேல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கிவிட்டது என்று வந்ததும் ஹாஜியார் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வாங்கிவரப் போனார்.

மறுவாரம் புஷ்பம் பேசினாள். புது விமானம் எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டேன். "புதுசா பழசான்னு பாக்கலக்கா," என்றாள். "புள்ள அழுத சத்தம் எறங்குற வரைக்கும் காதுலயே இருந்துச்சு."

இப்போது எல்லோரும் போனிலேயே டிக்கட் போடுகிறார்கள். ஹாஜியார் ஏஜென்சியை மூடிவிட்டார், நான் கல்யாணம் முடித்து றக்வானைக்கு வந்துவிட்டேன். இத்தனை பேரை ஆகாயத்தில் ஏற்றிவிட்ட நான் இதுவரை ஏறிய ஆகப்பெரிய உயரம், இந்த மலை ரோட்டில் முனகிக்கொண்டு வரும் பஸ்தான்.