பதினோராவது தொகுதியின் நான்கு அத்தியாயங்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு டிசம்பர் முதலாம் திகதி, திருகோணமலைத் துறைமுகத்தில் வரைபடம் வரையும் வேலைக்கு வந்தேன். மார்ச் முடிய ஊர் திரும்பவேண்டிய தற்காலிக நியமனம். கிரேன் ஓட்டுநர் ஒருவரின் வீட்டில் அறை கிடைத்தது. அவருடைய மனைவியை அக்கா என்று அழைத்தேன்.

அக்காவின் அலுமாரியில் பதினொரு தொகுதிகள் இருந்தன. இந்திய வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கழற்றி, வரிசைப்படுத்தி, அவரே தைத்துக் கட்டியவை. ஒரு கிழமைகூட இடையில் விடுபடவில்லை. அவ்வளவு ஒழுங்கை நான் நூலகங்களிலும் கண்டதில்லை. நாலு மாதத்தில் பதினொன்றையும் வாசிப்பதென்று நாட்குறிப்பில் எழுதினேன். முழுதாக வாசிக்காதது எண்ணிக்கையில் வராது என்ற விதியையும் சேர்த்தேன். அதற்கு முன் நான் போட்ட இரண்டு வாசிப்புத் திட்டங்களும் பாதியில் நின்றுபோனவை. இதுவும் நின்றால் இனித் திட்டமே போடுவதில்லை என்றிருந்தேன். விதியையும் இதையும் அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

மழை நாட்கள் உதவின. மார்ச் நடுவில் பத்து முடிந்தது. பதினோராவது, இன்னும் நான்கு வாரத்தில் கதை முடியும் என்ற அறிவித்தலோடு நின்றது. இறக்குமதித் தடையால் இந்திய இதழ்கள் வராமற்போன காலம் அது. அந்தத் தொகுதியின் முதுகை மட்டும் ஒட்டாமல், தையல் நூலை நீளமாக விட்டிருந்தார் அக்கா. மீதி கிடைத்தால் சேர்த்துத் தைப்பதற்கு.

"நாலு கிழமை என்னத்துக்கு? நான் இப்பவே முடிச்சுத் தாறன். பொடிச்சியைக் கட்டிக் குடுத்தால் சரி" என்றார் கணவர்.

"உங்களிட்டை விட்டால் எல்லாக் கதையிலயும் கலியாணச் சாப்பாடுதான்" என்றார் அக்கா.

வேலைத்தளத்தில் இதைச் சொன்னபோது, கிண்ணியாவிலிருந்து வரும் நண்பர் இந்தியா போய்வந்த உறவினர் கொடுத்த அந்த நான்கு இதழ்களும் தன் மனைவியிடம் இருப்பதாகச் சொன்னார். ஆனால் மனைவி அவற்றை ஓர் இரவுகூட வெளியே விடமாட்டாராம். மாதத்தின் கடைசி ஞாயிறு, பட்டினத்தில் ஒரு கலியாணத்துக்கு வந்த நண்பர் காலையில் அவற்றைத் தந்தார். மாலையில் திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்வார். எனக்கும் அன்றே ரயில்.

ஒன்றும் மூன்றும் அக்காவுக்கு, இரண்டும் நான்கும் எனக்கு என்று பிரித்துக்கொண்டு கொப்பித் தாள்களில் பார்த்து எழுதினோம். குசினியில் சமையல் அன்று கணவரின் பொறுப்பு. மத்தியானம் அக்கா எழுதிய முதலாவதை வாசித்தேன். மூன்றாவதில் இரண்டு பக்கம் மிச்சமிருக்க நண்பர் வந்து வாசலில் நின்றார். அக்கா நிமிரவில்லை. அவர் எழுதி முடித்து இதழ்களைக் கொடுத்தபோது என் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"மூண்டாவதில என்ன நடந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ, அக்கா" என்றேன்.

"சொன்னால் அது கதை கேட்டது, தம்பி. வாசிச்சதெண்டு எழுத ஏலாது."

என் விதியை என்னைவிட உறுதியாகக் காத்தவர் அவர். ரயிலில் நாட்குறிப்பைத் திறந்து பத்து என்றே எழுதினேன்.

பிறகு ஊருக்கு ஒரு தடித்த உறை வந்தது. மூன்றாவது அத்தியாயத்தை அக்கா எனக்காக மறுபடியும் முழுதாக எழுதியிருந்தார். பதினேழு பக்கம், ஓர் அடித்தலும் இல்லை. தபாற்காரர் படலை தாண்டுமுன் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். அன்று நாட்குறிப்பில் பத்தை வெட்டிப் பதினொன்றாக்கினேன். ஒன்பது நாள் தாமதம் என்பதையும் மறைக்காமல் எழுதினேன்.