குடத்தை நகர்த்துகிறவர்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி காலையில் வரும். காலையில் எப்போது என்று கேட்டால் லாரிக்காரருக்கே தெரியாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் வண்டிகள் வழிவிட்டால்தான் அது வந்து சேரும். அதனால் விடிந்ததும் காலிக் குடத்தைத் தெருவில் வரிசையாக வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவது திருவொற்றியூரில் எங்கள் பக்கத்து வழக்கம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவர் குடத்தை யாராவது நகர்த்திவிட்டால் அன்றைக்குத் தெரு நாறிப்போகும்.

அந்த வரிசையில் ஆண்கள் இரண்டே பேர். என் மனைவி ஆஸ்பத்திரியில் காலை ஷிப்டுக்குப் போய்விடுவாள். ஹார்பரில் எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. ஆகவே குடம் என் தலையில் விழுந்தது. "இன்னா, இன்னிக்கும் வூட்டுக்காரி உன்னத்தான் தள்ளிவுட்டாளா?" என்று பெண்கள் கேட்பார்கள். எனக்கு முன்கோபம் அதிகம், முதலில் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். போகப் போகப் பழகிவிட்டது.

இன்னொருவர் எதிர்வீட்டு மாடியில் தனியாக இருந்த பெரியவர். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. மனைவி இல்லை. ஒரே மகளைக் காத்திவாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் ஞாயிற்றுக்கிழமை வந்து குழம்பு வைத்து, துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போவாள். தெருவில் எல்லோருக்கும் அவர் நைனா.

தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க வசதியாகத் தன் குடத்தின் கழுத்தில் கயிறு சுற்றி வைத்திருந்தார். மற்றவர்களைப் போலக் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டார். அங்கேயே நின்று, வந்து போகிறவர்களோடு ஊர்க்கதையெல்லாம் பேசுவார். பேச்சு மும்முரமாக இருக்கிற நேரம் பார்த்து, காலாலேயே தன் குடத்தை மெல்ல ஓர் இடம் முன்னால் தள்ளிவிடுவார். அதில் எப்போதும் மாட்டுவது அவருக்கு முன்னால் நிற்கிற மீன்காரம்மாவின் குடம்தான்.

"யோவ் நைனா, ஆளுக்குத்தான் கண்ணு தெர்ல, குடம் மட்டும் எப்டியா முன்னால போவுது?"

"என் குடத்துக்குக் கண்ணு கீது."

"அத்த நோண்டிடுவேன், பாத்துக்க."

சொல்லிவிட்டு மீன்காரம்மா அந்தக் குடத்தைப் பழைய இடத்துக்கு உதைத்துத் தள்ளுவாள். அவர் அவளுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். நடுவில் போய் யாராவது சமாதானம் சொன்னால் அவர்களுக்கும் விழும். எனக்குத் தினமும் தவறாமல் விழுந்தது. அவர் முகத்தில் அந்த நேரம் இருந்த களையைச் சொல்லி முடியாது.

மழைக்காலத்தில் ஒருநாள் லாரி ரிவர்ஸில் வந்தபோது அவர் சேற்றில் வழுக்கி விழுந்தார். மீன்காரம்மா சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் சக்கரம் காலில் ஏறியிருக்கும். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. தெருவே நடுங்கிவிட்டது.

"நாங்கலாம் கீறோம் இல்ல, நீ இன்னாத்துக்கு நைனா கீழ எறங்கற?" என்று அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள். அவர் குடத்துக்கு வரிசையில் முதல் இடம். பெண்கள் பிடித்து வைப்பார்கள், நான் மாடிக்குத் தூக்கிப் போய் டிரம்மில் ஊற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் மீன்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த முடிவில் கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. குடத்துக்காக மயிரைப் பிடித்துச் சண்டை போடுகிறவர்கள் ஒரு மனிதருக்காக வழிவிட்டார்கள். எங்களுக்கே எங்களைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அவர் "சரி" என்று மட்டும் சொன்னார்.

சில வாரம் கழித்துக் கீழ்வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு, லாரி போன பிறகு மாடியிலிருந்து இறங்கும் கழிவுக் குழாயில் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது என்றார். நானும் போய்ப் பார்த்தேன். எனக்குத் தலைக்கேறிவிட்டது. படியேறிப் போய்க் கத்தினேன். "தண்ணிக்கு அவனவன் அடிச்சிக்கினு கீறான். நீ இன்னா நைனா சாக்கடைல ஊத்திக்கினு கீற?"

அவர் டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் சொம்பு இருந்தது. மறைக்கக்கூட இல்லை.

"தண்ணி காலியாச்சுன்னா, போதல, நீயும் கீழ வான்னு கூப்டுவீங்கன்னு பாத்தேன். நீ இன்னாடான்னா ரெண்டு குடம் சேத்து ஊத்திட்டுப் போற."

சொம்பைக் கீழே வைத்தார்.

"மேல குந்திக்கினு காது குடுத்துக்கினே கீறேன்பா. நீங்கலாம் சிரிக்கறது கேக்குது. இன்னாத்துக்கு சிரிக்கறீங்கன்னு தெர்ல."

என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எல்லாம் இருந்தது அந்த அறையில். அரிசி, மருந்து, நிறையத் தண்ணீர். ஆள்தான் இல்லை.

வரிசையில் போய் விஷயத்தைச் சொன்னேன். "வுழுந்து செத்துப் பூட்டா யாரு பதில் சொல்றது?" என்றார்கள் முதலில். மீன்காரம்மா மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளே அவர் மகளுக்கு போன் போட்டு, அவரைக் கீழே கூட்டிவரச் சம்மதம் வாங்கினாள்.

அவர் வரும் நாளில் சேற்றின்மேல் செங்கல் ஜல்லி கொட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். லாரி நிற்கிற இடத்துக்குத் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நான் கையைப் பிடித்து இறக்கி வந்தேன். முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வழியெல்லாம் மீன்காரம்மாவை என்னென்ன சொல்லித் திட்டப்போகிறார் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"வாங்க நைனா, குந்துங்க. டீ குடிக்கறீங்களா?" என்றாள் மீன்காரம்மா.

அவள் அவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அவர் தலையைச் சாய்த்து, பேசியது யார் என்று யோசிக்கிற மாதிரி நின்றார். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சண்டைக்குக் கிளம்பினார்கள். "சும்மா இருங்கடி, நைனா கீறாரு," என்று யாரோ அடக்கினார்கள். எல்லோரும் அடங்கிப்போனார்கள். கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் போல அவரை வைத்திருந்தார்கள்.

டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். குடங்களைத் தடவிக்கொண்டே போய்க் கயிற்றைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு அவர் கேட்டுக்கொண்டதால் குடத்தை நடுவில் வைத்திருந்தேன். பிறகு காலால் மெல்லத் தள்ளினார். மீன்காரம்மா பார்த்தாள். அவள் கத்த வேண்டுமே என்று காத்திருந்தேன். அவள் கண் கலங்கி, தன் குடத்தைச் சத்தமில்லாமல் தூக்கிப் பின்னால் வைத்து இடம் விட்டாள்.

அவர் மறுபடியும் தள்ளினார், இந்த முறை நன்றாகச் சத்தம் கேட்கும்படி. அடுத்தவளும் தன் குடத்தை எடுத்துக்கொண்டாள். அதற்கடுத்தவளும். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் அவருடைய குடம் வரிசையின் தலைக்குப் போய்ச் சேர்ந்தது. தள்ளுவதற்கு இன்னொரு குடம் இருக்கிறதா என்று அவர் கால் முன்னால் துழாவியது.

"இங்க யாரும் இல்லியா?" என்றார்.

"எல்லாரும் கீறோம் நைனா. நீங்க முன்னால புடிச்சிக்கினு போங்க," என்றாள் மீன்காரம்மா.

லாரி வந்தது. அவர் குடம்தான் முதலில் நிறைந்தது. ஒரு கையில் அவரையும் இடுப்பில் குடத்தையுமாக நான் படியேறினேன். பாதியில் நின்று, "நாளைலேர்ந்து நீயே எடுத்துக்கினு வந்துடுபா. கால் வலிக்குது," என்றார்.

இப்போதும் நான்தான் கொண்டுபோகிறேன். பெண்கள் தினமும் அவரை விசாரிக்கிறார்கள், மீன் வறுத்தால் கொடுத்தனுப்புகிறார்கள். டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம் நின்றதும் அவர் நான் இருக்கும் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "நல்லா இருபா," என்கிறார். அவர் வாயால் ஒரு வசவு கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே படியிறங்குகிறேன்.