துறைத்தலைவர் தேர்ந்தெடுத்த விருப்பப்பாடம்

இன்று காலைப் பாராயணத்தை முடித்துக்கொண்டு, அல்லிநகரத்திலிருந்து பேத்தி மீனாட்சியுடன் அவளுடைய கல்லூரிக்குச் சென்றேன். கணினி அறிவியல் மூன்றாமாண்டு படிக்கிறாள். அடுத்த பருவத்துக்கான விருப்பப்பாடத்தை இன்று பதிய வேண்டும். அவள் நாடும் மேற்படிப்புக்கு, பட்டியலிலுள்ள 'இயந்திரக் கற்றல்' (மெஷின் லேர்னிங்) பாடம் இன்றியமையாதது.

கல்லூரியின் இணையதளத்தைத் திறந்தால், வகுப்பிலுள்ள அத்தனை பேருக்கும் 'இணையதள வடிவமைப்பு' என்று முன்கூட்டியே பதிவாகியிருந்தது.

துறைத்தலைவரிடம் கேட்டோம்.

"எல்லாப் பிள்ளைகளும் அதத்தான் எடுத்திருக்காக, ஐயா."

"எப்போது எடுத்தார்கள்?"

"நாங்கதான் அவுகளுக்காக எடுத்தோம். நீங்க கேக்குறது கணக்கு நெறஞ்ச பாடம். பாதிப் பேரு அரியர் வச்சா காலேஜ் ரிசல்ட் என்னாகுறது?"

மீனாட்சி விடவில்லை. "அப்ப எதுக்கு சார் அதுக்கு விருப்பப்பாடம்னு பேரு?"

"அது பல்கலைக்கழகம் வச்ச பேரும்மா."

உயிர்களுக்கு இச்சையை அருளிய இறைவனே அவற்றின் தேர்வில் குறுக்கிடுவதில்லை. கோயில் அர்ச்சகரும் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்ட பின்பே அர்ச்சனையைத் தொடங்குகிறார். இந்த மனிதர் அமர்ந்திருக்கும் நாற்காலிக்குக் கல்வியின் பெயரைச் சூட்டியிருப்பதே அபசாரம்.

"அப்ப ரெண்டையும் படிக்கிறேன் சார். எனக்கு வேண்டியத ஆன்லைன்ல படிச்சு, தனியா பரீட்சை எழுதிக்கிறேன்" என்றாள் மீனாட்சி.

அவர் முகம் மலர்ந்தது. "தாராளமா எழுதும்மா. பெயிலானா நம்ம ரிசல்ட்டுல வராது. பாஸாயிட்டா வாசல் பேனர்ல உன் போட்டோவப் போட்டுருவோம்."

படம் போடுவதற்கு முன்பேனும் அவளுடைய விருப்பத்தைக் கேட்பார்களா? உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதிலாக விருப்பப்படுபவர் யார் என்று எழுதுங்கள்.