வேலியோரத்துக் காடை

இன்று வேப்பூரில் பஸ் நின்றபோது, ஓட்டல் வாசலில் 'காடை வறுவல்' என்று பலகை வைத்திருந்தார்கள். பக்கத்து சீட்டுப் பெண், "காடைய உசுரோட பாத்திருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள்.

பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். அப்பாவுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்சாலை வேலை. ஊருக்கு வெளியே முள்ளும் செம்மண்ணுமான பொட்டலில் எங்கள் வீடு.

அந்தக் கோடையில் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை இல்லாமல் திரும்பினாள். பிறந்த மறுநாளே தங்கை இறந்துவிட்டாள். அம்மா யாரிடமும் பேசவில்லை. பின்வாசலில் உட்கார்ந்து வேலியோரப் புல்லையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பாம்பு வருகிறதென்று ஒருநாள் அப்பா அந்தப் புல்லை அறுக்கப் போனார்.

"அங்க அறுக்காதீங்க," என்றாள் அம்மா. "காடை அடையில உக்காந்திருக்குது."

அவள் பேசிவிட்டாள். அப்பா அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தோம். தரையில் சின்னக் குழி, அதில் புள்ளி போட்ட முட்டைகள். குஞ்சுகள் பொரித்த அன்றே தாயின் பின்னால் ஓடிப்போய்விட்டன.

காலிக் கூட்டருகே அம்மா வெகுநேரம் நின்றாள்.

"நம்ம பாப்பாவுக்கு ஒரு பேராச்சும் வெச்சிருக்கலாங்க."

"இப்ப வெப்போம்," என்றார் அப்பா.

வைத்தார்கள். அன்றைக்குத்தான் அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எந்த ரேஷன் கார்டிலும் ஏறாத பெயர் அது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் இருக்கிறதா?