கைக்குக் கை

பெங்களூரில் எங்கள் ஆஸ்டின் டவுன் சந்தில் கௌதமன் கடையில் சாமான் வாங்குவதென்றால் அவசரம் கூடாது. கடை சின்னது, கூட்டமும் பெரிதாக இருக்காது. ஆனால் அந்த மனிதன் எதையும் மேசைமேல் வைத்துத் தள்ள மாட்டான். நாம் கையை நீட்ட வேண்டும், அவன் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைப்பான். கொத்தமல்லிக் கட்டானாலும் சரி, ஒரே ஒரு தீப்பெட்டியானாலும் சரி, கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுக்கிற மாதிரிதான். மிச்சக் காசும் அப்படியே. வெந்நீரை அடுப்பில் வைத்துவிட்டு ஓடிவந்து காசை மேசையில் போட்டுவிட்டுத் திரும்பினால், "ஜூலியாக்கா, கையில குடுங்க" என்று கூப்பிட்டு நிறுத்துவான்.

"ஏம்ப்பா, மேசைல வச்சா காசு செல்லாதா?" என்று எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். நான் தையல்காரி, நேரம்தான் என் பிழைப்பு. அவன் சிரிப்பானே தவிர மாற மாட்டான். இப்போது எல்லோரும் போனைக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள், காசு கைமாறுவதே இல்லை. இருந்தாலும் சாமானைக் கையில்தான் வைக்கிறான். நடுவில் கொரோனா வந்தபோது மட்டும் அது நின்றுபோனது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அது அவன் அப்பா ஏழுமலை போட்ட சட்டம். ஏழுமலைக்குக் குடியாத்தம் பக்கம் ஒரு ஊர். அந்த ஊர் மளிகைக்கடையில் சேரிக்காரர்கள் தெருவிலேயே நிற்க வேண்டும். காசைப் பலகையில் வைத்துவிட்டு எட்டிப் போய்விட வேண்டும். கடைக்காரர் செம்பிலிருந்து தண்ணீர் தெளித்து, அப்புறம்தான் அந்தக் காசைத் தொடுவார். உப்பையும் மிளகாயையும் விரித்த துண்டில் மேலேயிருந்து போடுவார். ஏழுமலை அந்த ஊரை விட்டு பெங்களூருக்கு வந்து, மூட்டை தூக்கி, பௌத்தத்துக்கு மாறி, பிள்ளைக்குக் கௌதமன் என்று பேர் வைத்து, கடைசியில் சொந்தமாக ஒரு கடையும் போட்டார். 'அசோகா ஸ்டோர்ஸ்' என்று போர்டு மாட்டிய அன்றைக்கே மகனிடம் சொல்லிவிட்டாராம்: "நம்ம கடைல யாரையும் தள்ளி நில்லுன்னு சொல்லக் கூடாது. கையில வாங்கு, கையில குடு." வேறு எந்த உபதேசமும் செய்யாமல் அந்த மனிதர் போய்ச் சேர்ந்தார். கௌதமனும் அதை உயிராகப் பிடித்துக்கொண்டான்.

அதன் அருமை எனக்குத் தெரிந்ததைவிட என் பக்கத்து வீட்டு ரத்தினம்மாளுக்கு நன்றாகத் தெரியும். அவளும் ஏழுமலை ஊர்ப் பக்கத்துக்காரிதான். புருஷன் இளம்வயதிலேயே போய்விட்டான், பிள்ளைகுட்டி கிடையாது. பெரிய அபார்ட்மெண்ட் ஒன்றில் படிக்கட்டு கூட்டித் துடைக்கிற வேலை. அங்கே எந்த நோயும் இல்லாத காலத்திலேயே சம்பளத்தைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டு "எடுத்துக்கோ" என்பார்களாம். படித்த ஜனங்கள்! என் வாயில் வருவதை எழுத முடியாது.

ரத்தினம்மாள் தினமும் வேலைக்குப் போகிற வழியில் கௌதமன் கடையில் நிற்பாள். ஒரு சின்ன டீத்தூள் பாக்கெட் வாங்குவாள், இல்லாவிட்டால் இரண்டு வெற்றிலை. "மாசத்துக்கு ஒரேயடியா வாங்கினா என்னா கேடு உனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாளெல்லாம் நான் தொடறது தொடப்பமும் பக்கெட்டும்தான் ஜூலியா. காலைல ஒருத்தன் 'வாக்கா'ன்னு கூப்ட்டு கையில வச்சு குடுக்கறான். அத வாங்கிட்டுப் போனா அன்னைக்கு ஓடிடுது" என்றாள்.

கேட்டதற்கு வெட்கப்பட்டேன். அதற்குப் பிறகு அவசரம் என்று கௌதமனைத் திட்டுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த நோய் வந்தது. ஊரே கதவைச் சாத்தியது. மளிகைக்கடை மட்டும் காலையில் கொஞ்ச நேரம் திறக்கலாம் என்றார்கள். கௌதமனுக்குத்தான் பெரிய இடி. அவன் பெண்டாட்டி ஜானகிக்கு வீசிங். முந்தின வருஷமே மூச்சு இழுத்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவள். அவர்கள் வீடு கடைக்குப் பின்னாலேயே ஒரே அறை, நடுவில் ஒரு துணித் திரை. கடைக்கு எது வந்தாலும் அது ஜானகியிடமும் வந்த மாதிரிதான். அவளுக்கு இந்த நோய் ஒட்டினால் கஷ்டம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அவன் செய்ய வேண்டியதைச் செய்தான். கடை முன்னால் கயிறு கட்டினான். கோலமாவில் வட்டம் வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு வட்டம் என்றான். பிளாஸ்டிக் குழாயைச் சரிவாகக் கட்டி, பாக்கெட்டுகள் அதில் வழுக்கி வந்து நம் பையில் விழும்படி செய்தான். காசுக்கு ஒரு பேசின். அதில் சோப்புத் தண்ணீர். நான் தைத்துக் கொடுத்த முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு நின்றான். எல்லாம் சரிதான், ஆனால் வட்டத்தைத் தாண்டி வருகிறவர்களை என்ன சொல்லி நிறுத்துவது? 'தள்ளி நில்லுங்க' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. முதல் நாள் வெறுமனே கையை ஆட்டினான். ஈ ஓட்டுகிறான் என்று நினைத்து ஜனங்கள் இன்னும் கிட்டே வந்தார்கள்.

மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்தான். "ஸ்வல்ப தூர நில்லி" என்றான். கொஞ்சம் தூர நில்லுங்கள் என்று கன்னடத்தில், மரியாதையாக. கன்னடக்காரர்களுக்கு மட்டுமில்லை, பிறந்ததிலிருந்து அவனோடு தமிழ் பேசுகிற எங்களுக்கும் அதேதான். "என்னடா, கௌதமனுக்கு கவர்மெண்ட் வேலை கிடைச்சிடுச்சா?" என்று சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அப்பா தமிழில் வாங்கிய சூட்டைத் தமிழில் திருப்பிச் சொல்ல அவனால் முடியவில்லை, கன்னடத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். அப்போது எனக்கு அழுகை வந்தது.

ரத்தினம்மாள் சில நாள் வெளியே வரவில்லை. அபார்ட்மெண்டில் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வீட்டில் டீத்தூள் தீர்ந்த அன்று என்னோடு கடைக்கு வந்தாள். நான் ஒரு வட்டத்தில் நின்றேன். அவள் பழக்க தோஷத்தில் கயிறு வரைக்கும் போய்க் கையை நீட்டிவிட்டாள்.

கௌதமன் ஒரு எட்டுப் பின்னால் போனான். "அக்கா… ஸ்வல்ப தூர நில்லி."

நீட்டிய கை அப்படியே நின்றது. "என்னாப்பா, என்கிட்டயே கன்னடம் பேசற?" என்றாள்.

அவன் பேசினைக் காட்டினான். அவள் காசைப் போட்டாள். அது சோப்புத் தண்ணீரில் முங்கியது. அவன் ஒரு கரண்டியால் கலக்கி, காசை எடுத்து வெளியே வைத்தான். செய்கிறபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். எல்லோருடைய காசுக்கும் அதைத்தான் செய்தான், என் காசுக்கும்தான். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ரத்தினம்மாளின் முகத்தை நான் பார்த்தேன். டீத்தூள் பாக்கெட் குழாயில் வழுக்கி வந்து அவள் பையில் விழுந்தது.

"எங்க ஊருக் கடைல தண்ணிதான் தெளிப்பாங்க. நீ சோப்பே போட்டுட்டப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடந்தாள். கௌதமன் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். வரிசையில் அடுத்த ஆள் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் அவனுக்குக் காது கேட்டது.

அதற்குப் பிறகு ரத்தினம்மாள் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. தேவையானதை நான்தான் என் பையோடு சேர்த்து வாங்கி வந்து கொடுத்தேன். கௌதமன் ஒவ்வொரு தடவையும் "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்பான். "நல்லா இருக்கா, நீயே வந்து பாரேன்" என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டான். கையில் ஒன்றும் இல்லை. சாமான் கொண்டுவந்தால் வாசல்படியில்தான் வைக்க வேண்டும், அதுவும் அவளுக்கு அவமானமாகப் படும் என்று வெறுங்கையோடு வந்ததாகச் சொன்னான். வாசலுக்கு வெளியே தெருவிலேயே நின்றான். ரத்தினம்மாள் கதவோரம் வந்து நின்றாள்.

"ஜானகிக்காகத்தான்க்கா. அவளுக்கு எதுனா ஆச்சுன்னா…" என்றான்.

"எனக்குத் தெரியாதாப்பா? நீ பண்ணது சரிதான். ஜானகி நல்லா இருக்கணும். உம்மேல கோவம்லாம் இல்ல" என்றாள். அப்புறம் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "புத்திக்குப் புரியுது. இந்தக் கைதான் கேக்க மாட்டேங்குது. இந்தச் சீக்கு போவட்டும். போன அன்னைக்கு மொத ஆளா வந்து நிக்கறேன். அப்ப கையில குடு."

"கண்டிப்பா குடுக்கறேன்க்கா. நீங்க வந்தாப் போதும்" என்றான். அன்றிலிருந்து அவனுக்கு அந்த ஒரு நாள்தான் குறி. செய்தியில் நோய் குறைகிறது என்று சொன்னால் போதும், "ஜூலியாக்கா, கயித்த அவுத்துடலாமா?" என்று என்னிடம் கேட்பான். நான் என்ன சுகாதார மந்திரியா? "இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பா" என்பேன். உள்ளே ஜானகி இருமுகிற சத்தம் கேட்கும். கயிறு அப்படியே இருந்தது.

மறுவருஷம் நோய் குறைவது போல் காட்டி மறுபடியும் வந்தது, முதல் தடவையைவிடப் பேயாக. அபார்ட்மெண்டில் ரத்தினம்மாளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருநாள் காய்ச்சலோடு வந்து படுத்தாள். இரண்டாம் நாளே மூச்சு விட முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்து, வெள்ளை உடுப்புக்காரர்கள் அவளை ஏற்றியபோது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை ஆட்டினாள். "கௌதமன்கிட்ட வரேன்னு சொல்லு" என்றாள். மூச்சிரைப்பில் அது எனக்குத்தான் புரிந்தது.

அவள் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன்தான் வந்தது. உடம்பைக் கொடுக்க மாட்டார்களாம், அவர்களே ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுவார்களாம். சாம்பல் வேண்டுமென்றால் சொந்தக்காரர் யாராவது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அவளுக்கு ஏது சொந்தம்? கௌதமனிடம் சொன்னேன். "நான் போய்க் கேட்டா குடுப்பாங்களாக்கா?" என்றான். திரைக்குப் பின்னாலிருந்து ஜானகியின் குரல் வந்தது: "என்னாலதான அந்த அக்கா கடைக்கு வராம போச்சு. யோசிக்காதீங்க. தம்பின்னு சொல்லி நீங்களே போய் வாங்கிட்டு வாங்க."

நானும் அவனும் ஒரு ஆட்டோ பிடித்துப் போனோம். அந்த இடத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. வரிசையாக எரிந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். ஒரு தொழிலாளி பேர் கேட்டுவிட்டு உள்ளே போய் மண்கலயம் ஒன்றை எடுத்து வந்தார். மேலே சிவப்புத்துணி கட்டியிருந்தது. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சிமெண்டுத் திட்டு. எல்லோருக்கும் செய்வது போலக் கலயத்தைத் திட்டின்மேல் வைக்கக் குனிந்தார். கௌதமன் முன்னால் போனான்.

"ஸ்வல்ப தூர நில்லி" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் களைத்துச் சிவந்திருந்தன.

கௌதமன் நகரவில்லை. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். "அண்ணா, தயவுசெய்து… கையல்லி கொடி" என்றான். கையில் கொடுங்கள் என்று, அதே கன்னடத்தில்.

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, திட்டைச் சுற்றிக்கொண்டு வந்து கலயத்தை அவன் உள்ளங்கைகளில் வைத்தார்.

கலயம் இன்னும் சூடு ஆறவில்லை. என் புடவைத் தலைப்பைக் கொடுத்து, சுற்றிப் பிடித்துக்கொள் என்றேன். அவன் கேட்கவில்லை. வெறுங்கையோடு மார்பில் அணைத்துக்கொண்டு, அந்தச் சிவப்புத்துணிக்குக் கிட்டே குனிந்து, தமிழில் சொன்னான்: "கையிலயே வாங்கிட்டேன்க்கா. தள்ளி நிக்கல."