பதினாலு மணி நேரம்தான்

என் அக்கா வீட்டுக்காரர் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். பஸ் நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒற்றை அறை. சுவரில் பெரிய உலகப்படம், மேஜையில் பழைய கம்ப்யூட்டர். அந்த மனுஷனோடு எத்தனையோ வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்று யார் கேட்டாலும், விமானம் வானத்தில் இருக்கும் நேரத்தை மட்டும்தான் சொல்வார். நடு வழியில் இறங்கி அடுத்த விமானத்துக்காகக் காத்துக் கிடப்பது, பாஸ்போர்ட் வரிசை, பெட்டிக்காக நிற்பது எதுவும் அவர் கணக்கில் வராது.

"ஏன் மாமா இப்படிப் பண்றீங்க?" என்றால், "முழுசா சொன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவான்டா" என்பார். டிக்கெட்டிலேயே எல்லாம் அச்சடித்திருக்கிறதே என்றால், "அதை எவன் படிக்கிறான்?" என்று சிரிப்பார். அதுவும் உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

இதைக் கடையோடு நிறுத்தியிருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பேன். பூமியின் அந்தப் பக்கத்தில் வேலை பார்ப்பவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவர் மகள் பிடிவாதமாக நின்றபோது, அக்காவிடமும் அதே பாட்டைப் பாடினார். "பதினோராயிரம் கிலோமீட்டர்னா பயந்துடாதே. பதினாலு மணி நேரம்தான். நினைச்சா போய்ப் பாத்துட்டு வரலாம்." அக்கா ஒரு கேள்வி கேட்காமல் தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முதல் மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரத்துக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. ஆனால் நாள் நெருங்கும் முன்பே வலி எடுத்துவிட்டது. மாமா அவசர அவசரமாக டிக்கெட்டை மாற்றி, அக்காவை விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். அங்கேயும் விடவில்லை. "பதினாலு மணி நேரம்தான். கண்ணை மூடித் திறந்தா அவ பக்கத்துல இருப்பே."

மறுநாள், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று கடைக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் அக்காவின் போன். நடு வழி விமான நிலையத்திலிருந்து பேசினாள். மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"பொண்ணு பொறந்துட்டாளாம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம். நான் இங்க பெஞ்சில உக்காந்திருக்கேன்."

என்னால் அடக்க முடியவில்லை. "எல்லாம் இவரால வந்தது! வாயைத் திறந்தா பொய். உன்னையே ஏமாத்திட்டாரே அக்கா!"

"சும்மா இருடா. எத்தனை நாள் அந்தக் கடையில அவருக்குப் பதிலா உக்காந்து டிக்கெட் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? முழுசா எவ்வளவு நேரம்னு நான் கேட்டிருந்தா, அவர் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தா நான் பொண்ணை அவ்வளவு தூரம் கட்டிக்கொடுத்திருக்க மாட்டேன். அதான் கேக்கலை."

மாமா உலகப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப கேக்கறேங்க" என்றாள் அக்கா. "இன்னும் எவ்வளவு நேரம்?"

மாமா ஒன்று விடாமல் கூட்டினார். அங்கே மிச்சமிருக்கும் காத்திருப்பு, அடுத்த விமானம், பாஸ்போர்ட் வரிசை, பெட்டிக்காக நிற்பது, ஆஸ்பத்திரி வரைக்கும் கார்.

"பதினேழு மணி நேரம்மா."

அக்கா அப்போதுதான் அழுதாள்.