சங்கரம்மாளின் மடை

ஆறு நிறையத் தண்ணீர் ஓடுகிறது. கரையை ஒட்டிய வயலோ சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல? தென்காசிக்குக் கிழக்கே சிற்றாற்றங்கரையில் ஒன்றரை ஏக்கர் நெல் போடுகிற சங்கரம்மாளுக்கு இந்த மார்கழியில் இதுதான் தலைவிதி.

புயல் மழையில் குற்றாலத்திலிருந்து இறங்கிய வெள்ளம் ஆற்றை உருத்தெரியாமல் ஆக்கிவிட்டுப் போயிருந்தது. கரையைப் பிடித்து நின்ற மருத மரங்கள் வேரோடு சாய்ந்தன. அயிரை மீன் கிடந்த ஆழமான கசம், அந்த ஆற்று மடு, மணல் மூடி முழங்காலளவு ஆயிற்று. அதெல்லாம் வயிற்றெரிச்சல்தான். ஆனால் அவளுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது நாற்று. மேட்டு நாற்றங்காலில் தப்பிப் பிழைத்த நாற்று முற்றிக்கொண்டே வந்தது. இந்த வாரம் நடாவிட்டால் மாட்டுக்குத்தான் அறுத்துப் போட வேண்டும். ஆற்றுத் தண்ணீரை வயலுக்குத் திருப்பும் மடையோ அடைத்துக் கிடந்தது.

வெறும் மண் என்றால் மண்வெட்டி போதும். இது துணி! அருவியில் குளித்துவிட்டுப் பீடை கழியட்டும் என்று ஊர் ஊராக வந்தவர்கள் விட்டுப்போன சேலை, வேட்டி, கைலி எல்லாம் பாறை இடுக்கில் கிடந்து, வெள்ளத்தோடு கிளம்பி, இங்கே மடைக்கம்பியில் முறுக்கிக்கொண்டன. நடுநடுவே ஷாம்பு பாக்கெட் வேறு.

"அண்ணாச்சி, அவுங்க பீடை கழிஞ்சிது, சரி. அது எங்கிட்டயா வந்து அடையணும்?" என்று பக்கத்து வயல் நெல்லையப்பனிடம் கேட்டாள்.

"ஆத்துல போட்டா கடலுக்குப் போயிரும்னு நெனைக்கான் தாயி. நடுவுல நாம இருக்கது எவனுக்குத் தெரியுது?"

இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று அரிவாளால் அறுத்து அறுத்து இழுத்தார்கள். ஒரு வழியாக மத்தியானம் மடை திறந்தது. கலங்கலாக, நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் வாய்க்காலில் ஏறியதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நடவுக்கு ஆள் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

புளியறை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஓட்டும் கணவன் தளவாய் அப்போதுதான் வந்திருந்தான். ஈரத்தலை, நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் மடிப்புக் கலையாத புது வேட்டி. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஏளா, இனிமே கவலைய விடு. வார வழியில குத்தாலத்துல எறங்கிக் குளிச்சேன். நம்ம வயலுக்குத் தண்ணி வரணும்னு வேண்டிக்கிட்டு, உடுத்திருந்த வேட்டியையும் துண்டையும் அருவியிலயே விட்டுட்டு வந்துட்டேன்லா!"

ஊராரைத் திட்டலாம். இந்த மனுஷனை என்ன செய்வது? அவளுக்காகத்தானே வேண்டியிருக்கிறான். சற்றுமுன் கழுவி வைத்த அரிவாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"இப்பதான வந்த, திரும்ப எங்க போற?"

"உங்க வேண்டுதல் ஆத்தோட வருதுல்லா. மடையில சிக்குததுக்கு முந்திப் பிடிக்கணும்."